லோடு என்ற பூனையும் எங்கள் வீட்டுத் தோரணமும்

நம் வகுப்பு குரூப்பில் நேற்று நம்ம லீடர் போட்ட படத்தைப் பார்த்தீர்களா? ஆயுத பூஜைக்காக அவள் பெங்களூரு ஃப்ளாட்டில் கட்டிய செவ்வந்திச் சரமும் சீரியல் லைட்டும் தரையில் கிடக்கின்றன. நடுவில் அவளுடைய பூனை, பூஜையே தனக்குத்தான் என்பதுபோல உட்கார்ந்திருக்கிறது. "இதை எப்படிப்பா தள்ளி வைக்கிறது?" என்று கேட்டிருந்தாள். அவ்வளவுதான், ஆளாளுக்கு வைத்தியராகிவிட்டீர்கள். ஆரஞ்சுத் தோல் போடு என்றீர்கள், தண்ணீர் பீய்ச்சு என்றீர்கள், பாத்ரூமில் அடை என்றீர்கள். கடைசியில் ஒருத்தன், "பேசாம யாருக்காவது குடுத்துரு" என்று முடித்துவைத்தான்.

அந்த ஒரு வரிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். குரூப்பில் அடங்கவில்லை. முப்பதே ஆகவில்லை, அதற்குள் "எங்க காலத்துல" என்று ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் காலமும்தான்.

நாம் ஆறாம் வகுப்பு படித்த வருஷம். பட்டாசு சீசனும் காலண்டர் சீசனும் ஒரே நேரத்தில் வந்து முட்டிக்கொள்ளும் புரட்டாசி மாதம். ஊரே அச்சு மை வாசனையும் வெடிமருந்து வாசனையுமாக இருக்கும். அணுகுண்டு டப்பாவின் லேபிள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மயில் படத்துக்கு ரெண்டு யானை என்று வகுப்பில் மாற்றிக்கொள்வோமே, அந்தக் கட்டு இப்போது யாரிடமாவது இருக்கிறதா? என்னுடையது ஒரு மழையில் ஒட்டிக்கொண்டு செங்கல்போல ஆகிவிட்டது.

அப்பா அச்சுக் கம்பெனியில் கட்டிங் மெஷினில் இருந்தார். அம்மா எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய் உருட்டுவாள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவள் முன்கையில் வெள்ளிப் பொடி மினுமினுக்கும், நகத்தோரம் நீலமாக இருக்கும். குளித்துவிட்டு வந்தால்தான் எங்களைத் தொடுவாள். நீலம் மட்டும் குளித்தாலும் போகாது. அது குழாய் ஒட்டுகிற பசையின் நிறம். மைதாவைக் காய்ச்சி, அதில் மயில்துத்தம் கரைத்து ஊற்றுவார்கள். துத்தம் விஷம் என்பதால் எலியும் பூச்சியும் பசையைத் தொடாது. இது நம் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

எங்கள் வீட்டில் தீபாவளியைவிட ஆயுத பூஜைதான் பெரிய பண்டிகை. தீபாவளியன்று அம்மா அலுத்துப்போய்த் தூங்குவாள். பட்டாசுச் சத்தம் கேட்டால் காதை மூடிக்கொண்டு திரும்பிப் படுப்பாள். ஆயுத பூஜை அப்படியில்லை. வருஷம் பூராவும் வேலை செய்த சாமான்களுக்கு அன்றைக்கு ஓய்வு. முந்தின நாள் சாயங்காலமே அப்பா எல்லாவற்றையும் கழுவித் துடைத்து முன்னறையில் வரிசையாக வைத்துவிடுவார். ஸ்டீல் ஸ்கேல், கத்திரி, அம்மாவின் அரிவாள்மணை, என் பாடப்புத்தகம், தம்பியின் காம்பஸ் டப்பா. கடைசியில் நடுநாயகமாக டிவிஎஸ் பிஃப்டி. சந்தனமும் குங்குமமும் வைத்தபிறகு யாரும் எதையும் தொடக்கூடாது. மறுநாள் உச்சியில் பூசை போட்டு, வண்டிச் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கிய பிறகுதான் எதுவும் வேலைக்குத் திரும்பும். அப்பா மற்ற விஷயங்களில் சாமிக்குப் பெரிதாகப் பயப்படமாட்டார். இதில் மட்டும் இரும்பு.

அந்த வரிசைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகத் தோரணம் தொங்கும். கட்டிங்கில் ஓரம் வெட்டி விழுகிற ஆர்ட் பேப்பர் கீற்றுகளையும் ஜிகினாத் தாள் கீற்றுகளையும் அப்பா மூட்டையாக வாங்கி வருவார். ஒரு கீற்றை வளையமாக வளைத்து ஒட்டி, அதற்குள் அடுத்ததை விட்டு ஒட்டி, சங்கிலி சங்கிலியாகக் கோப்போம். ஒரு கீற்றில் முருகனின் வேல் நுனி இருக்கும், இன்னொன்றில் லட்சுமியின் தாமரையில் பாதி. பூஜையன்று சாயங்காலம் அப்பாவுடைய கட்டிங் ஆட்கள் எல்லோரும் ஒவ்வொருவர் வீடாகப் போய்ப் பார்ப்பார்கள். சுண்டல் எங்கே ருசி, தோரணம் எங்கே ஜோர் என்று தீபாவளி வரைக்கும் அதே பேச்சாக இருக்கும். தோரணத்தில் எங்கள் வீட்டை அடிக்க ஆள் இல்லை. பூனை வரும்வரைக்கும்.

பூனை வந்ததும் அந்தக் கீற்று மூட்டையில்தான். முந்தின வருஷம் அப்பா மூட்டையை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து முன்னறையில் கவிழ்த்தார். ஜிகினாவுக்குள்ளிருந்து உள்ளங்கை அளவில் ஒரு சாம்பல் குட்டி எழுந்து உடம்பை உதறிக்கொண்டது. கம்பெனி குடோனில் பேப்பர் ரீம்களை எலி கடிக்காமல் இருக்கப் பூனை வளர்ப்பார்கள். அவற்றில் ஏதோ ஒன்றின் குட்டி.

"லோடோட வந்திருக்குடா" என்று சிரித்தார் அப்பா. பெயர் வைத்தாயிற்று.

லோடுக்கு ஒரே ஒரு பழக்கம். எந்த மூட்டை, எந்தப் பெட்டி, எந்தப் பானை திறந்திருந்தாலும் உள்ளே போய்ச் சுருண்டுகொள்ளும். தம்பி பள்ளிக்கூடப் பையைத் தூக்கிவிட்டு, "ஏக்கா, இன்னைக்கு பை கனக்கு" என்றால் உள்ளே அதுதான் இருக்கும்.

அது வந்த வருஷமே தோரணம் விழுந்தது. அதுவும் கட்டிங் ஆட்கள் வந்து உட்கார்ந்து சுண்டலில் கை வைத்த நேரத்தில். நடுச்சங்கிலி அறுந்து டிவிஎஸ் மேல் விழ, கூடவே லோடும் விழுந்தது.

"என்னண்ணே, கத்தி பிடிக்கிறவன் வீட்டுல பூனை ஆட்சியால்ல இருக்கு" என்றார் ஒருவர்.

"பூனைக்குச் சம்பளம் போட்டுக் கட்டிங்ல சேத்துருவோம். ஓவர்டைம் பாக்குமில்ல" என்றார் இன்னொருவர்.

அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் சரியாகப் பொருந்தாமல் நின்றது எனக்கு இப்போதும் கண்ணில் இருக்கிறது.

அதனால் மறுவருஷம், நாம் ஆறாம் வகுப்பு படித்த அந்த வருஷம், கீற்று மூட்டை வந்து இறங்கிய அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார். "இந்தத் தடவை தோரணத்துல அது கை பட்டுச்சுன்னா, எதிர்வீட்டுக்காரங்க வேன்ல இருக்கன்குடிக்கு ஏத்தி விட்டுருவேன். அங்கன தினமும் கிடா வெட்டு, கறிச்சோறு. நம்ம வீட்டைவிட ராசா மாதிரி இருக்கும்."

எதிர்வீட்டு அத்தை தன் பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்த, ஆயுத பூஜையன்று இருக்கன்குடிக் கோயிலுக்குக் கிளம்புவதாக இருந்தாள். கம்பெனி லீவு அன்றைக்குத்தானே. குட்டியானை வேன்கூடப் பேசியாயிற்று.

நானும் தம்பியும் தோரணத்தைப் பூனையிடமிருந்து காப்பாற்றவில்லை. தோரணத்திடமிருந்து பூனையைக் காப்பாற்றினோம். நீங்கள் நேற்று எழுதிய வைத்தியம் எல்லாம் நாங்கள் அன்றே பார்த்தது. எலுமிச்சைத் தோலைக் கீழே பரப்பினோம். லோடு அதன்மேல் படுத்துத் தூங்கியது. மிளகாய்ப் பொடி தூவினோம். தம்பி தும்மித் தும்மி மூக்கு தக்காளியாகி அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். கொல்லையில் ஜிகினா உருண்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, "இங்கன விளையாடு, உள்ள வராத" என்று கெஞ்சினேன். உருண்டையை ஒருதரம் பார்த்தது, என்னை ஒருதரம் பார்த்தது. பிறகு உள்ளே போய்த் தோரணத்துக்கு நேர்கீழே உட்கார்ந்து அண்ணாந்துகொண்டது.

அப்பா தன் பங்குக்கு ஒரு ஆட்டுச் சலங்கையை வாங்கி வந்து அதன் கழுத்தில் கட்டினார். கிட்டே போனால் சத்தம் கேட்கும், விரட்டிவிடலாம் என்பது கணக்கு. நல்ல யோசனை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

பூஜைக்கு முந்தின நாள் காலையில் சலங்கைச் சத்தம் கேட்டு ஓடினோம். தோரணம் பாதிக்குமேல் தரையில் கிடந்தது. நடுவில் லோடு. ஒரு ஜிகினா வளையம் காதில் மாட்டியிருந்தது. வேறு நாளாக இருந்தால் அம்மாவே சிரித்திருப்பாள்.

அப்பா திட்டக்கூட இல்லை. கோழிப் பஞ்சாரம் மாதிரி மூடி போட்ட ஒரு பனங்கூடையைக் கொண்டுவந்து, லோடைத் தூக்கி உள்ளே விட்டார். அது சந்தோஷமாகச் சுருண்டுகொண்டது. கூடையென்றால் அதற்கு அவ்வளவு பிரியம். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

"அண்ணே, நெசமாத்தான் குடுக்கீகளா? பிள்ளைக முகத்தைப் பாருங்க" என்றாள் எதிர்வீட்டு அத்தை.

"அது வந்ததுலேர்ந்துதான தாயி இந்தக் கூத்து. அதுக்கு முந்தி எத்தனை வருசம் கட்டிருக்கேன், ஒரு வளையம் விட்டுச்சா?"

கணக்கு சரியாகத்தான் இருந்தது. பூனை வருமுன் தோரணம் தீபாவளி வரை நின்றது. வந்தபிறகு நிற்கவில்லை.

அன்று பகல் முழுக்க அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து அறுந்ததை எல்லாம் திரும்ப ஒட்டினார்கள். சாயங்காலம் சாமான்கள் வரிசையாயின. டிவிஎஸ்ஸுக்கு மாலை, ஹெட்லைட்டில் சந்தனம், முன்சக்கரத்தடியில் வைக்கத் தட்டில் எலுமிச்சம்பழம். மேலே தோரணம் முன்னைவிட அழகாக மின்னியது. கூடை எதிர்வீட்டு வாசலில் இருந்தது. நான் ஜன்னலிலேயே நின்றேன்.

விடிந்ததும் வேன் கிளம்பிவிட்டது. நான் காப்பி குடிக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். தம்பி எனக்கு ஆதரவாகத் தன்னுடையதையும் குடிக்காமல், ஆறுகிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முன்னறையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவின் துடைப்பம் நின்றது.

"ஏங்க, கொஞ்சம் இங்கன வாங்களேன்."

தோரணத்தில் இரண்டு சங்கிலிகள் அறுந்து தொங்கின. கீழே மரத்தூள்போல் காகிதத் துணுக்குகள். நடுநடுவே சீரகம் கொட்டியதுபோலக் கறுப்பாகச் சின்னச் சின்னப் புழுக்கைகள்.

"அதைத்தான் அனுப்பியாச்சே" என்றார் அப்பா.

"அப்ப யாருப்பா கடிச்சது?" என்றான் தம்பி.

யாரும் வாய் திறப்பதற்குள் பதில் அதுவாகவே வந்தது. உத்தரத்திலிருந்து ஒரு சுண்டெலி தோரணக் கயிறு வழியாக இறங்கியது. எங்கள் நாலு பேரையும் பார்த்தது. பட்டப்பகல், நாலு ஆள், எதையும் பொருட்படுத்தவில்லை. ஒரு வளையத்தின் ஒட்டிய இடத்தில் உட்கார்ந்து, அந்த இடத்தை மட்டும் நிதானமாகக் கொறிக்கத் தொடங்கியது. மூச்சு விடுமுன் வளையம் விட்டுப்போய்ச் சங்கிலி கீழே வந்தது. எலி மேலே போய்விட்டது.

அம்மா கீழே கிடந்த வளையத்தை எடுத்து ஒட்டிய இடத்தைத் தடவினாள். முகர்ந்தாள்.

"பசையில துத்தம் போடலைல்ல" என்றாள்.

"என்னது?"

"அது வந்ததுலேர்ந்து வீட்டுப் பசையில துத்தம் போடுறதில்லைங்க. குட்டி எல்லாத்தையும் நக்கிக்கிட்டுத் திரியுமே, செத்துகித்துப் போயிருச்சுன்னா பிள்ளைக தாங்காதுன்னு வெறும் மைதாவைத்தான் காய்ச்சி ஒட்டுனேன். எலிக்குப் பலகாரம் பண்ணி வச்ச மாதிரி ஆகிப்போச்சு."

அப்பா உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். லோடு அண்ணாந்து உட்கார்ந்திருந்ததெல்லாம் எதற்காக என்று எனக்கு அப்போது புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்க வேண்டும். அது தோரணத்தின்மேல் பாயவில்லை, தோரணத்தில் இருந்த எலியின்மேல் பாய்ந்திருக்கிறது. போதாததற்கு நாங்கள் சலங்கை வேறு கட்டி, அது வருவதை எலிகளுக்கு அறிவித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா திரும்பி டிவிஎஸ்ஸைப் பார்த்தார். அது மாலையும் சந்தனமுமாக, தொடக்கூடாத இடத்தில் நின்றது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். உச்சிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

"அந்த எலுமிச்சம்பழத்தை எடு."

"பூசை போடாமயா?" அம்மாவின் கை தானாக வாயைப் பொத்தியது.

"வந்து போடுவோம். அத்தனை கூட்டத்துல அது இறங்கி ஓடிருச்சுன்னா, பெறகு எந்தப் பூசை போட்டும் பிடிக்க முடியாது. ஏ பாப்பா, ஏறு பின்னால."

வருஷம் தவறாமல் காத்த கட்டுப்பாட்டை என் அப்பா ஒரு எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி முடித்துக்கொண்டதை நான் பின்சீட்டிலிருந்து பார்த்தேன்.

சாத்தூர் ரோட்டில் அந்த டிவிஎஸ் போன வேகம் இருக்கிறதே, அதற்குமுன் அது போனதில்லை, பிறகும் போனதில்லை. மாலையிலிருந்து செவ்வந்தி இதழ்கள் பறந்து என் முகத்தில் ஒட்டின. டீக்கடை வாசலில் நின்றவர்கள், "ஏலே, அதுக்குள்ள பூசை போட்டாச்சா?" என்று கத்தினார்கள். அப்பா கையைக்கூட ஆட்டவில்லை.

இருக்கன்குடியில் ஆற்று மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். விறகுப் புகை, மசாலா வாசனை, மொட்டைத் தலைகளில் குளிரக் குளிரச் சந்தனம். எதிர்வீட்டு அத்தை அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"என்னண்ணே, வீட்டுல எதுவும்..."

"பூனை எங்கம்மா?"

"அதுக்கா இம்புட்டுத் தூரம்? வந்து கூடையைத் திறந்தா காலிண்ணே. மூடி நழுவிக் கிடந்துச்சு. வழியில எங்கன இறங்குச்சோ."

அப்பா மணலில் நடக்க ஆரம்பித்தார். அதுவரை அவர் அந்தப் பூனையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இங்கன வா", "அங்கிட்டுப் போ", அவ்வளவுதான். அன்றைக்குத்தான், அத்தனை சனத்துக்கு நடுவில், அடித்தொண்டையில் கூப்பிட்டார்.

"லோடு... ஏ லோடு..."

நிழலில் படுத்திருந்த ஒரு வேன் டிரைவர் எழுந்து வந்தார். "எந்த ஊருக்குண்ணே லோடு?"

அப்பா அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். சலங்கைச் சத்தம் கேட்டால் திரும்புவார். ஆனால் நேர்த்திக்கடனுக்கு வந்த ஒவ்வொரு கிடாயின் கழுத்திலும் சலங்கை இருந்தது. ஒவ்வொரு கிடாயாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனவர், கடைசியில் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அது ரோட்டுல குதிக்கிற சாதியில்லையே பாப்பா. சத்தம்னா பயந்து எதுக்குள்ளயாவது போயில்ல ஒளியும்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

இரண்டு பேரும் ஓடினோம். அத்தையின் குட்டியானையில் இன்னும் இறக்காத சாமான்கள் கிடந்தன. விறகு, தார்ப்பாய், அரிசி மூட்டை, சாக்கு போட்டு மூடிய ஒரு பெரிய அண்டா. அப்பா சாக்கை விலக்கினார். அண்டாவின் அடியில், இரண்டு கரண்டிகளுக்கு நடுவில், லோடு தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது. ஏதோ நாங்கள்தான் தாமதமாக வந்தோம் என்கிற மாதிரி.

"இந்த அண்டாவுலதான் இப்ப உலை வைக்க இருந்தேன்" என்றாள் அத்தை. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

அப்பா முதல் காரியமாகச் சலங்கையைக் கழற்றினார். லோடைச் சட்டைக்குள் விட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். வரும் வழியெல்லாம் அது அவர் நெஞ்சில் நகம் பதித்தது. அவர் ஒருதடவைகூட வண்டியை நிறுத்தவில்லை.

வீட்டில் அம்மா அதற்குள் ஒரு காரியம் செய்திருந்தாள். பசையையே விட்டுவிட்டு, ஊசியில் சிவப்பு நூலைக் கோத்து ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு தையல் போட்டு இணைத்திருந்தாள். உச்சி தாண்டிவிட்டது. சூரியன் மேற்கே இறங்கிய பிறகுதான் எங்கள் வீட்டில் பூசை. புழுதியும் வாடிய மாலையுமாக டிவிஎஸ் திரும்ப வரிசையில் ஏறியது. எல்லாவற்றுக்கும் புதிதாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த அப்பா, வரிசைக் கடைசியில் வந்து உட்கார்ந்த லோடின் நெற்றியிலும் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமத்தை வைத்தார். அது முகத்தைச் சுளித்ததே தவிர நகரவில்லை. உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கட்டிங் ஆட்கள் வந்தார்கள். தோரணத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கீழே பார்த்தார்கள்.

"என்னண்ணே, பூனைக்கும் பொட்டா?"

"அதுவும் வேலைக்குப் போற ஆளுதான். நைட் ஷிப்ட்" என்றார் அப்பா.

இந்தத் தடவை அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் நன்றாகப் பொருந்தியது. தோரணம் தீபாவளி தாண்டி, கார்த்திகை விளக்கு வரை நின்றது.

லீடர், உனக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். சீரியல் லைட்டை எதை வைத்து ஒட்டினாய் என்று பார். செவ்வந்திக்குள் ஏதாவது பூச்சி இருக்கிறதா பார். உன் பூனை எங்கே அண்ணாந்து பார்க்கிறதோ, நீயும் கொஞ்சநேரம் அங்கே பார். ஒன்றுமே இல்லையென்றால், சரி, உன் பூனை வெறும் சேட்டைக்காரப் பூனை. அதற்கு ஆரஞ்சுத் தோல் போடு. யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் மட்டும் முதலில் எனக்குப் போன் பண்ணு.

அப்பாவும் அம்மாவும் இப்போது விருதுநகரில், சூலக்கரைப் பக்கம் இருக்கிறார்கள். லோடு இல்லை, அதன் பேத்தி இருக்கிறது. அதே சாம்பல், அதே மூட்டைப் பைத்தியம். நேற்று அப்பா போனில் கூப்பிட்டார், "எப்ப வார? வளையம் தைக்க ஆள் வேணும்" என்று. பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. சந்தனக் கிண்ணத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கிற சாமான்களுக்கு எவ்வளவு வேண்டுமோ அதைவிட ஒரு பொட்டு அதிகமாகத்தான் அவள் எப்போதும் கரைப்பாள்.